குறுக்கே போகும் ரெண்டு பட்டை

ஒரு சதுரத்தை முனை கீழே வரும்படி சாய்த்து வரைந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "டைமண்ட்" என்று சட்டென்று பதில் வரும். நோட்டைக் கொஞ்சம் திருப்பினால் அதுவே சதுரமாகிவிடும். பிள்ளை மேல் தப்பில்லை. முதல் வகுப்பிலிருந்து பார்த்த சதுரமெல்லாம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்த சதுரம்தான். மனதில் பதிந்தது அந்த உட்கார்ந்த கோலம், பண்பு இல்லை.

பெரிய வகுப்பில் நாற்கரம் (நான்கு பக்க உருவம்) வரும்போது இதையே அட்டவணையாக்கி மனப்பாடம் செய்ய வைக்கிறோம். செவ்வகத்துக்கு மூலைவிட்டங்கள் (எதிரெதிர் மூலைகளை இணைக்கும் கோடுகள்) சமம், சாய்சதுரத்துக்குச் செங்குத்து, இணைகரத்துக்கு இரண்டும் இல்லை... பரீட்சை முடிந்ததும் எல்லாம் கலந்துபோகும். என் கருத்து, பாடத்தைத் தலைகீழாகத் தொடங்க வேண்டும். வடிவத்தை வரைந்து மூலைவிட்டத்தைப் பார்க்காமல், மூலைவிட்டத்தைப் போட்டு வடிவத்தை வரவழைக்க வேண்டும்.

செலவே இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு செ.மீ. அகலத்துக்குப் பட்டைகள் வெட்டுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் நீளவாக்கில் ஒரு கோடு. அந்தக் கோட்டிலேயே 8 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளிகள். இப்படி மூன்று பட்டை, 6 செ.மீ. இடைவெளியில் இன்னொன்று. அட்டையின் ஓரத்தை அளவாக வைத்தால் பட்டையின் அகலமே கணக்கைக் கெடுத்துவிடும், கோடு அதற்காகத்தான். ஈர்க்குச்சி வேண்டாம், குண்டூசி குத்தினால் பிளந்துவிடும்.

இரண்டு 8 செ.மீ. பட்டைகளை நடுப்புள்ளியில் குண்டூசியால் கோத்து, தாளில் வைத்து நான்கு முனைப்புள்ளிகளையும் குறித்து இணையுங்கள். எந்தக் கோணத்தில் விரித்தாலும் செவ்வகம்தான். 60 பாகையில் வைத்தால் சிறிய பக்கம் சரியாக 4 செ.மீ. மெல்ல விரித்துக்கொண்டே போங்கள். 90 பாகை வரும் நொடியில் அந்தச் செவ்வகம் சதுரமாகும். வேறு பெட்டியிலிருந்து எடுத்த புது உருவம் இல்லை, அதே செவ்வகம்தான் ஒரு நிபந்தனை கூடி நிற்கிறது. "சதுரம் எப்படி சார் செவ்வகமாகும்?" என்ற சண்டைக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. (யூக்ளிடே தன் வரையறையில் நீள்சதுரத்தைச் சதுரத்திலிருந்து பிரித்துத்தான் வைத்தார். பிள்ளைகள் குழம்புவதில் வியப்பில்லை.)

இப்போது 8-ஐயும் 6-ஐயும் நடுவில் கோத்துவிடுங்கள்: இணைகரம். செங்குத்தாக்கினால் சாய்சதுரம், பக்கம் 5 செ.மீ. அளந்தே பார்க்கலாம். 4, 3, 5 என்று பிதாகரஸ் அங்கே உட்கார்ந்திருப்பார்.

மிச்சமிருக்கும் 8 செ.மீ. பட்டையில் முனைப்புள்ளியிலிருந்து 2 செ.மீ. தள்ளி ஓட்டை போட்டு, இன்னொரு 8-இன் நடுவில் செங்குத்தாகக் கோத்தால் பட்டம், அதாவது காற்றாடி வடிவம். இரண்டு 8-லும் அதே 2 செ.மீ. தள்ளிக் கோத்தால் இருசமபக்கச் சரிவகம். இணைப்பக்கங்களில் ஒன்று மற்றதைப் போல மூன்று மடங்கு இருக்கும். இங்கேதான் முக்கியமான இடம். மூலைவிட்டங்கள் சமமாகத்தான் இருக்கின்றன, ஆனால் செவ்வகம் வரவில்லை. "மூலைவிட்டம் சமம், ஆகவே செவ்வகம்" என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். ஒன்றையொன்று இருசமக் கூறிடவும் வேண்டும். அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டும்போது கொத்தனார் எதிர்ச் சுவர்களின் நீளத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் மூலைக்கு மூலை டேப் பிடிப்பார், காரணம் இதேதான்: எதிர்ச் சுவர்கள் சமமாக இருந்தால்தான் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று நடுவில் வெட்டும்.

கடைசியாக ஒரு ஏ4 தாள். மூலைவிட்டத்தில் மடித்தால் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துமா என்று முதலில் கேளுங்கள். "பொருந்தும், ரெண்டும் சர்வசம முக்கோணம்" என்பார்கள், அதாவது வடிவிலும் அளவிலும் ஒன்றே. மடித்தால் இரண்டு காது வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். முக்கோணங்கள் சர்வசமம்தான், மடிப்பில் பொருந்தாது, 180 பாகை சுழற்றினால்தான் பொருந்தும். கத்தரிக்கோலை எடுத்துக் கோட்டோடு வெட்டிச் சுழற்றிக் காட்டிவிடுங்கள்.