மேனோ வீட்டு அடிமைப் பையன்

பிளேட்டோவை எங்கே தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ‘மேனோ’, சாக்ரடீஸ் பேசும் உரையாடல் நூல். அதில் வரும் பெயரில்லாத ஓர் அடிமைப் பையனுக்காகவே சொல்கிறேன்.

மேனோ கிரேக்கத்தின் தெசலிப் பகுதியைச் சேர்ந்த செல்வக் குடும்பத்து இளைஞன். பேச்சுக்கலை ஆசிரியர் கோர்கியாஸிடம் பாடம் கேட்டவன். நற்குணத்தைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று எடுத்த எடுப்பிலேயே கேட்கிறான். நற்குணம் என்னவென்றே எனக்குத் தெரியாதே என்கிறார் சாக்ரடீஸ். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, அடிமைக்கு ஒன்று என்று இவன் அடுக்குகிறான். அப்புறம், மனிதரை ஆளும் திறமைதான் நற்குணம் என்கிறான். அப்படியானால் அடிமையும் எஜமானனை ஆளலாமா என்று அவர் கேட்க, பின்வாங்குகிறான். இப்படியே மாட்டி மாட்டி, கடைசியில் எரிச்சலாகிவிடுகிறான்: நீங்கள் மின் திருக்கை மீன் மாதிரி, தொட்டவனை மரத்துப்போக வைக்கிறீர்கள்! தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது என்று வாதமும் செய்கிறான்.

தேட முடியும் என்று காட்டத்தான் சாக்ரடீஸ் அந்தப் பையனை அழைக்கச் சொல்லிக் கேள்வி கேட்கிறார். 2 அடிப் பக்கமுள்ள சதுரம், பரப்பு 4. இதைப்போல் இரு மடங்கு பரப்பு வேண்டுமென்றால் பக்கம் எவ்வளவு? 4 அடி என்கிறான் உடனே. பரப்பு 16 ஆகிவிடுகிறது. 3 அடி? 9. சீயுஸ் மேல் ஆணையாகத் தெரியவில்லை என்கிறான்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நானும் வரைந்து பார்த்தேன். அந்த 2 அடிச் சதுரங்கள் நான்கைச் சின்னதாக ஒட்டிவைத்து, ஒவ்வொன்றிலும் மூலைக்கு மூலை ஒரு கோடு. நடுவில் சாய்ந்த சதுரம் ஒன்று நிற்கிறது. 16-இல் சரிபாதி, 8. பக்கம் அந்த மூலைவிட்டம்தான். அந்தக் கோடு விழுந்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

சாக்ரடீஸ்தானே விடையை ஊட்டிவிட்டார் என்பார்கள். ஓரளவு உண்மை, மூலைவிட்டத்தைப் போட்டவர் அவர்தான். ஆன்மா முன்பே அறிந்ததை நினைவுகூர்கிறது என்ற அவருடைய விளக்கத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. எல்லாவற்றையும் உறுதியாகச் சொல்லமாட்டேன், தேடினால் இன்னும் தைரியசாலிகளாவோம் என்பதற்காக மட்டும் போராடுவேன் என்று அவரே சொல்கிறார்! ஆனால் ‘தெரியவில்லை’ என்ற சொல்லை யாரும் ஊட்டவில்லை. அதே மரத்துப்போதல் மேனோவுக்கும் வந்தது. அவன் கோபித்துக்கொண்டான். பையன் அடுத்த கேள்விக்குப் பதில் சொன்னான்.

பிறகு அனிட்டஸ் வருகிறார், கி.மு. 399-இல் சாக்ரடீஸ் மீது வழக்குத் தொடுத்த மூவரில் ஒருவர். பேச்சு அதற்குள் மறுபடி நற்குணத்துக்குத் திரும்பியிருக்கிறது. ஏதென்ஸின் பெரும் தலைவர் பெரிக்கிளிஸால் தன் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுத்தர முடிந்ததா என்று அலசுகிறார்கள். நற்குணம் என்றால் என்னவென்று அந்தப் பையனிடம் மட்டும் கடைசிவரை யாரும் கேட்கவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.