ஹெல்பர் மெத்தடுக்கு பேர் வைக்கிற கதை

ரூபில டெஸ்ட் எழுதுறவங்களுக்கு ஒரு கை அரிப்பு உண்டு, ஒரே நாலு வரி ரெண்டு டெஸ்ட்ல வந்துட்டா போதும், உடனே தூக்கி ஹெல்பர்ல, அதாவது பல டெஸ்ட்டும் கூப்பிட்டுக்கிற பொதுவான ஒரு மெத்தட்ல, போட்டுடணும். எனக்கும் இருந்துச்சு, இப்பதான் கொஞ்சம் அடங்கியிருக்கு.

ஒரு தடவை மினிடெஸ்ட்ல (ரூபில டெஸ்ட் ஓட்டுற லைப்ரரி), யூசர் உருவாக்குற ஹெல்பருக்கு டெஸ்ட்_யூசர்னு பேர் வச்சு மாட்யூல்ல (மெத்தட்களைக் கட்டி வைக்கிற மூட்டை) போட்டு, எல்லா டெஸ்ட் கிளாஸுக்கும் பொதுவான பேஸ் கிளாஸ்ல இன்க்ளூட் பண்ணிட்டேன். ஓட்டிப் பாத்தா நான் எழுதாத டெஸ்ட்டெல்லாம் ஓடுது! மேட்டர் என்னன்னா, டெஸ்ட்_னு ஆரம்பிக்கிற பப்ளிக் மெத்தட் எதுவா இருந்தாலும் மினிடெஸ்ட் அதை ஒரு டெஸ்ட்டா எடுத்துக்கும், மாட்யூல்லருந்து வந்தாலும் விடாது. ஆர்க்யூமென்ட்டுக்கெல்லாம் டிஃபால்ட் குடுத்திருந்ததால எர்ரரும் வரல, எதையும் செக் பண்ணாம கிளாஸுக்கு ஒண்ணுன்னு பாஸ் ஆகிட்டே இருந்துச்சு.

இதுக்கு நேர்மாறா ஒரு நல்ல விஷயமும் பேர்லயே இருக்கு. செக் பண்ற ஹெல்பருக்கு அசெர்ட்_னு ஆரம்பிச்சு பேர் வைங்க. ஃபெயில் ஆனா மினிடெஸ்ட் அந்தப் பேரைத் தாண்டிப் போயி, ஹெல்பரைக் கூப்பிட்ட வரி நம்பரைக் காட்டும். செக்_ஆர்டர்னு வச்சா எந்த டெஸ்ட் விழுந்தாலும் ஹெல்பருக்குள்ள இருக்கிற அதே வரியத்தான் காட்டும், அப்புறம் உக்காந்து தேடுங்க.

ஆனா எனக்கு உண்மையிலேயே கடுப்பாகுறது வேற. தள்ளுபடி டெஸ்ட் ஒண்ணு, ஆர்டர் உருவாக்குன்னு ஒரு வரி, அடுத்த வரில டோட்டல் 900 வரணும். ஏன் 900? ஆயிரமும் பத்து சதவீதமும் வேற ஃபைல்ல ஹெல்பருக்குள்ள படுத்துக் கெடக்கு. லாகின் பண்றதை மறைங்க, அட்ரஸ் நிரப்புறதை மறைங்க, யாரு கேக்கப்போறா, ஆனா டெஸ்ட் எதைப் பத்தியோ அந்த நம்பரை, பேர் போட்டுக் குடுக்குற கீவேர்ட் ஆர்க்யூமென்ட்டா அங்கயே குடுங்கப்பா.

ஆர்ஸ்பெக்ல (இன்னொரு ரூபி டெஸ்ட் லைப்ரரி) லெட் போட்டு, டெஸ்ட்டுக்கு வேணுங்கிறதை வெளியவே ஒரு பேர்ல எழுதி வைக்கிறவங்களும் இதே கேஸ்தான். அது பேரைத் தொட்டாதான் ஓடும், அதனால ரெக்கார்ட் எத்தனைன்னு எண்ணுற டெஸ்ட்ல, பேரைத் தொடாததால ரெக்கார்டே உருவாகாம சைபர் வந்து நிக்கும், உடனே ஆச்சரியக்குறி போட்ட லெட்டுக்கு மாத்துவாங்க, அது ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முன்னாடி ஓடி மொத்தத்தையும் மெதுவாக்கும். சாதாரண டெஃப் போட்டு ஒரு மெத்தடா எழுதி, வேணுங்கிற இடத்துல கூப்பிட்டுக்கங்க. ஒண்ணே ஒண்ணு, லெட் மாதிரி அது ஞாபகம் வச்சுக்காது, ரெண்டு தடவ கூப்பிட்டா ரெண்டு ரெக்கார்ட் வரும், அதனால ஒரு வேரியபிள்ல வாங்கி வச்சுக்கங்க.