காய்ச்சல் ஒன்று, டாக்டர்கள் இருவர்

போன மாதம் ஒரு ராத்திரி அம்மாவுக்குக் காய்ச்சல் 102 டிகிரி. வயது 68. பயந்துபோய்ப் பக்கத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டியூட்டி டாக்டருக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். அன்பாகப் பேசினார். ரத்த அணுக்கள், டெங்கு, டைபாய்டுக்கு வைடால், யூரின், லிவர், கிட்னி, நெஞ்சு எக்ஸ்ரே என்று தாள் நிறைய எழுதினார். எல்லாம் நார்மல்.

மறுநாள் எங்கள் குடும்ப டாக்டர். நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், முதுகில் ஸ்டெத் வைத்துக் கேட்டார். "முதல் நாளே எடுத்தா பாதி டெஸ்ட்ல ஒண்ணும் தெரியாதும்மா. பாராசிட்டமால் போடுங்க, தண்ணி நிறைய குடிங்க. நாளன்னிக்கு வாங்க. நடுவுல வாந்தி, வயித்து வலி, தலைசுத்தல் வந்தா உடனே போன் பண்ணுங்க." சொன்ன நாளில் போனதும் ரத்த அணுக்களை மட்டும் மறுபடி பார்க்கச் சொன்னார். அவ்வளவுதான், சரியாகிவிட்டது.

வீட்டில் எல்லோரும் ஒரே தீர்ப்பு: "அங்க எல்லாம் கமிஷன்." கமிஷன் இருக்கிறது, மறுக்க மாட்டேன். நோயாளியை அனுப்பியதற்காகப் பணம் வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-லேயே விதி எழுதியும் அது ஒழியவில்லை. அதை விடவே கூடாது. ஆனால் கமிஷனே வாங்காத டாக்டர்களும் ஏன் இவ்வளவு வேறுபடுகிறார்கள்?

எனக்குப் பட்டது இது. அந்த இளம் டாக்டருக்கு அம்மாவின் பழைய கதை எதுவும் தெரியாது. அன்று ராத்திரிக்குப் பிறகு அவர் அம்மாவைப் பார்க்கப் போவதும் இல்லை. எதையாவது விட்டுவிட்டால் திருத்திக்கொள்ள அவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. 1995-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வந்தது. வந்தது நல்லதுதான். ஆனால் "ஏன் டெஸ்ட் எடுக்கவில்லை?" என்ற கேள்விக்குத்தான் டாக்டர்கள் பயப்படுகிறார்கள், "ஏன் எடுத்தீர்கள்?" என்று வழக்குப் போடுவது அபூர்வம். குடும்ப டாக்டர் கையில் "நாளன்னிக்கு வாங்க" இருக்கிறது. இருபது வருடமாக அம்மாவைத் தெரியும், போன் செய்தால் எடுப்பார். அந்த இரண்டு நாள் காத்திருப்புதான் அவருடைய டெஸ்ட்.

அந்த வைடாலை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அது தேடும் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் சேரவே பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும். முதல் நாள் எடுத்து என்ன பயன்?

"கூட நாலு எடுத்தா நல்லதுதானே" என்பார்கள். லேப் ரிப்போர்ட்டில் நார்மல் என்று போடும் அளவு, பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேருக்குப் பொருந்தும்படி வைத்தது. அப்படியானால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஒரு குறையும் இல்லாதவருக்கும் ஏதாவது ஒன்றாவது அந்த நார்மல் அளவுக்கு வெளியே போக 64 சதவீதம் வாய்ப்பு. அப்புறம் அதைத் துரத்திக்கொண்டு ஸ்கேன், இன்னொரு ஸ்பெஷலிஸ்ட், தூக்கமில்லாத ராத்திரிகள். என் பெரியப்பா இப்படி மூன்று மாதம் அலைந்தார். கடைசியில் ஒன்றுமில்லை.

இதில் நம் பங்கும் உண்டு. லேபில் மூவாயிரம் கேட்டால் பேசாமல் எடுத்துக் கொடுக்கிறோம். அரை மணி நேரம் உட்காரவைத்துக் கேட்டுப் பார்த்த டாக்டர் 200 ரூபாய் வாங்கினால், "ஒரு டெஸ்ட் கூட எழுதல, சும்மா தொட்டுப் பாத்ததுக்கா?" என்கிறோம். யோசிப்பதற்குக் காசு கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை. பிறகு யார்தான் யோசித்துக்கொண்டு உட்காருவார்கள்?

எங்கள் டாக்டருக்கு 74 வயது. பிள்ளைகள் வேறு தொழிலில். தீபாவளியோடு கிளினிக்கை மூடப் போவதாகச் சொன்னார். அம்மா அன்று வீடு வரும்வரை பேசவே இல்லை.