மலசாடா டோனட் இல்லை

ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. மலசாடாவை "ஓட்டை போடாத அமெரிக்க டோனட், ஹொனலுலு கடைக்காரர் ஒருவர் கண்டுபிடித்தது" என்று சொல்லும் அந்த வீடியோவை எனக்கே ஏழு பேர் அனுப்பியிருந்தீர்கள்.

அது டோனட் இல்லை. போர்த்துகலின் மதேரா, அசோர்ஸ் தீவுகளின் பலகாரம். ஈஸ்டருக்கு முந்தின நோன்புக்காலமான தவக்காலம் வந்துவிட்டால் கொழுப்பும் இனிப்பும் விலக்கு. அதனால் விபூதிப் புதனுக்கு முந்தின செவ்வாயன்று, வீட்டில் இருக்கிற பன்றிக்கொழுப்பையும் சர்க்கரையையும் தீர்க்கச் சுட்டது. 1878ல் மதேராவிலிருந்து பிரிசில்லா கப்பலில் ஆட்கள் ஹவாய்க்குப் போனார்கள், கரும்புத் தோட்ட வேலைக்கு. மலசாடா அவர்களோடு போனது. வீடியோ சொல்கிற அந்த ஹொனலுலு கடை, ஹவாய்த் தலைநகரின் லியோனார்ட்ஸ் பேக்கரி, திறந்தது 1952ல். அங்கேயும் லியோனார்டின் அம்மா சொல்லித்தான் அந்தச் செவ்வாய்க்கு மலசாடா போட்டார்கள். நடுவில் 74 வருஷம் அதைச் சுட்ட கைகளை என்ன செய்வது?

நான் மாசசூசெட்ஸில் ஃபால் ரிவரில் குடியிருந்தபோது கீழ் வீட்டில் அசோர்ஸ்காரப் பாட்டி ஒருவர். முழங்காலில் துணியை விரித்து, பொங்கின மாவை அதன்மேல் வைத்து இழுப்பார். நடுவில் தாள் மாதிரி, ஓரத்தில் தடிப்பு. பொரித்துச் சர்க்கரையில் புரட்டி, சூடு ஆறுவதற்குள் மாடியேறி எங்களுக்கு ஒரு தட்டு கொண்டுவருவார். "மலசாடா" என்று சரியாகச் சொன்னால்தான் தட்டு கைக்கு வரும். ஒருநாள் அவர் பேரனே அதை டோனட் என்றான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த முகம் எனக்கு மறக்காது.

"சாப்பாட்டுக்கு ஏது சொந்த ஊர்?" என்பீர்கள். சரி, ஹவாயில் உள்ளே தேங்காய்ப்பால் களியான ஹௌபியா வைத்தார்கள், லிலிகோய் என்கிற பேஷன் ஃப்ரூட் வைத்தார்கள். நானும் விரும்பித் தின்பவன்தான். ஆனால் அங்கே இன்னும் அந்தச் செவ்வாயை மலசாடா நாள் என்றுதானே சொல்கிறார்கள்? பண்டத்தை மாற்றலாம். ஆளை அழிக்கக் கூடாது.

"ஒரு தின்பண்டத்துக்கு இத்தனை கோபமா?" ஆமாம், கோபம்தான். கரும்புக்காகக் கப்பலேறினவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. நேட்டால், மொரிஷியஸ், பிஜி என்று போனார்கள். டர்பனில் அவர்கள் பேத்தி சுடுகிற முறுக்கை நாளை ஒருவன் தென்னாப்பிரிக்க சிப்ஸ் என்றால் சும்மா இருப்போமா? கப்பலில் அவர்களால் எதைத்தான் கொண்டுபோக முடிந்தது? கைப்பக்குவம் ஒன்றுதானே?

இதையெல்லாம் அந்த வீடியோவின் கீழே மரியாதையாகத்தான் எழுதினேன். நீக்கிவிட்டார்கள். இன்றைக்கு மறுபடி எழுதப்போகிறேன்.