கோழிக்கு விலை வேண்டாம், கேட்டைச் சாத்துங்கள்

மடிப்பாக்கம் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டாலும், கொல்லைப்புறம் உள்ள வீடுகள் இங்கே இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கின்றன. அப்படியொரு கொல்லையில் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழிகள் வளர்ப்பவன் நான். கோழி வளர்ப்பவருக்கு வெள்ளைக்கழிச்சல் நோய், பருந்து, கீரி என்று கவலைகள் ஏராளம். இருந்தாலும், "கொஞ்சம் ஓடிவிட்டு வரட்டும்" என்று பக்கத்து வீட்டார் காலையிலும் இரவிலும் அவிழ்த்துவிடும் நாய்களைப் போன்ற தலைவலி வேறில்லை. ஏனென்றால் மற்றவற்றுக்கு உரிமையாளர் என்று யாரும் கிடையாது.

எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவை சிப்பிப்பாறை நாய்கள். வளர்ப்பவரிடம் பரம சாது. ஆனால் முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம் அது. கண்ணெதிரே ஒன்று படபடத்து ஓடினால் துரத்தாமல் இருக்க அதனால் இயலாது. பசிக்காகக் கொல்வதும் இல்லை. ஒன்றைக் கவ்வி உதறிப் போட்டுவிட்டு, அடுத்தது ஓடுகிறதே என்று அதன் பின்னால் போய்விடும். எங்கள் கொல்லையில் புகுந்த அன்றும் செத்த கோழிகளில் ஒன்றைக்கூட அவை தின்னவில்லை. தப்பித்த பெட்டையொன்று முருங்கைக் கிளையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இருட்டிய பிறகு கம்புத் தானியத்தைத் தட்டில் போட்டுக் குலுக்கிக் கூப்பிட்டும் இறங்க மறுத்துவிட்டது. அதற்குப் பிறகு வெகுநாள் முட்டையும் இடவில்லை. இத்தனைக்கும் நாய்களின் மீது எனக்குக் கோபமில்லை.

மறுநாள் காலையில் நாய்க்காரர் வந்தார். "ஒரு கோழி என்ன விலை சார், கொடுத்துவிடுகிறேன்" என்று பர்ஸை எடுத்தார். மரியாதையாகத்தான் கேட்டார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்று மாலையே அவர் வீட்டுக் கேட் வழக்கம்போல் திறந்து கிடந்தது. பணத்தைக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று அவர் நினைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது; அப்படியானால் நான் வாங்கும் தொகை இழப்பீடு அல்ல, அடுத்த முறை நாய்கள் வந்து போவதற்கான முன்பணம்.

"கோழியை நீங்கள்தானே அடைத்து வைக்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. பாதி நியாயம். தெருநாய்க்கும் கீரிக்கும் மரநாய்க்கும் யாரிடமும் போய்ப் புகார் சொல்ல முடியாது என்பதால், கூண்டு உறுதியாக இருந்தே ஆக வேண்டும். கடையில் கோழிவலை என்று தரும் அறுகோணக் கண்ணி வலை, கோழியை உள்ளே நிறுத்துமே தவிர நாயை வெளியே நிறுத்தாது; பல்லால் இழுத்தால் பிரிந்து வந்துவிடும். தரையிலிருந்து இடுப்பளவுக்காவது வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை, போட வேண்டும். நாய் எப்போதும் கம்பியின் அடியிலேயே குழி பறிக்கும் என்பதால், அதே வலையைக் கூண்டைச் சுற்றித் தரையில் ஒன்றரை அடிக்குப் படுக்கவிட்டு, மேலே மண்ணும் செங்கல்லும் பரப்பிவிட்டால் பறித்துப் பார்த்துச் சலித்துப் போய்விடும். கூரைக்கு வெறும் தகரம் வேண்டாம். கத்திரி வெயிலில் நாய் வராமலே கோழி செத்துவிடும்.

இவ்வளவும் என் பொறுப்பு, செய்தும் விட்டேன். ஆனால் பகலில் கிளறி மேயத்தானே நாட்டுக்கோழி? அடுத்தவர் கேட்டைச் சாத்தாததற்காக என் கோழி நாள் முழுக்கச் சிறையிருக்க வேண்டும் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

சட்டம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்றும் பார்த்தேன். வளர்ப்பு விலங்கைக் கவனக்குறைவாக விடுவதைக் குற்றமாக்கும், நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, மனிதருக்கு நேரக்கூடிய ஆபத்தைப் பற்றித்தான் பேசுகிறது. கோழிக்கு அதில் இடமில்லை. மாநகராட்சியோ நாய்க்கு ஆண்டுதோறும் உரிமம் பெறச் சொல்கிறது. கட்டணம் ரூ.50, வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று அவசியம். 2025 இறுதியில் நாயை அடையாளம் காண உடலில் பொருத்தும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாதவர்களுக்கு ரூ.5000 அபராதம் என்றும் அறிவித்தது. ஆகவே, பேசிப் பார்த்தும் பயனில்லை என்றால் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யலாம், படத்தையும் தேதியையும் கையில் வைத்துக்கொண்டு. புகாரோடு தொடங்குவதை மட்டும் நான் விரும்பவில்லை. மழையில் தெரு மூழ்கும்போது மோட்டார் இரவல் கேட்கப் போவதும் அதே வீட்டுக்குத்தான்.

இன்னொரு யோசனையும் காதில் விழுந்தது: கறியில் எலிமருந்தைக் கலந்து சுவரோரம் வைத்துவிடுவது. சொன்னவர் படித்தவர், பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். விலங்கை விஷம் வைத்துக் கொன்றால் அதே சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை உண்டு. சட்டமே இல்லாவிட்டாலும் அது ஈனச் செயல்தான். அந்தக் கறியைச் சிப்பிப்பாறை மட்டுமா தின்னும்? தெருநாயும் பூனையும் காகமும்கூடத் தின்னும்.

நாய்க்காரருக்கும் என்மீது ஒரு மனக்குறை உண்டு. என் சேவல் விடியுமுன்பே கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறதாம், அதுவும் உண்மைதான். ஆகவே இப்போது இரவில் அதைப் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து, வெளிச்சம் புகாமல் சாக்குப் போட்டு மூடுகிறேன். கூவுவது நின்றுவிடவில்லை, சத்தம் மட்டும் சற்று அடங்கியிருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு, பணம் வேண்டாம், கேட் தானாகச் சாத்திக்கொள்ளும்படி ஒரு ஸ்பிரிங் மட்டும் போட்டுவிடுங்கள் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வெல்டரை வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார்.