லாக்குக்குப் பென்டிரைவ் வேண்டாம்

ஃபயர்வால் (நெட்வொர்க்கைக் காக்கும் பெட்டி) எழுதிவைக்கும் லாக்குக்கு, அதாவது நடப்புப் பதிவுகளுக்கு, பழைய பென்டிரைவே போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரியில்லை. லாக் நாள் முழுக்கத் துளித்துளியாக எழுதப்படுவது. ஒரு வரிக்காகக்கூட ஃபிளாஷ் உள்ளே பெரிய பிளாக்கை அழித்து எழுத நேரும், சீக்கிரம் தேயும். போர்டில் சால்டர் செய்த இஎம்எம்சி (ஃபிளாஷ் சேமிப்புச் சிப்) என்றால் இன்னும் வம்பு, கழற்றி மாற்ற முடியாது.

பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளில் ராம் டிஸ்க் வசதி, அதாவது லாக்கை டிஸ்க்குக்குப் பதில் ராம் மெமரியில் எழுதும் வசதி, உண்டு (மெனுவில் சிஸ்டம், அட்வான்ஸ்டு, மிசலேனியஸ்). ஆனால் தண்டையார்பேட்டையில் திடீரென்று கரண்ட் போனால், கடைசி பேக்கப்புக்குப் பிந்தைய லாக் போச்சு. பேக்கப் இடைவெளியை 1 மணி நேரமாக வையுங்கள். ராம் டிஸ்க் வேண்டாமா, 120 ஜிபி எஸ்எஸ்டி தாராளம். எதுவானாலும் லாக்கை சிஸ்லாக் முறையில் (லாக்கை நெட்வொர்க்கில் அனுப்பும் முறை) யூடிபி போர்ட் 514 வழியாக இன்னொரு கம்ப்யூட்டருக்கும் அனுப்புங்கள். யூபிஎஸ்ஸில் ஃபயர்வாலோடு மோடம், ஸ்விட்ச், லாக் வாங்கும் அந்தக் கம்ப்யூட்டர் மூன்றும் இருக்கட்டும். ஸ்விட்ச்சைத்தான் எல்லாரும் மறப்பார்கள். சுரிகாட்டா (ஊடுருவலைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்) ஓடினால், அது எழுதும் ஈவ் ஜேசான் (eve.json) என்ற லாக் கோப்புக்கு அளவு வரம்பு போடாமல் விடாதீர்கள், டிஸ்க்கே நிரம்பிவிடும்.