கட்டை போடு, சிவப்பு விழுந்துடுச்சு

கோத்தகிரி பக்கம் எங்கள் முக்கில் சிக்னல் திறந்தபோது மேளம் வந்தது, மாலை வந்தது, ‘உபயம்’ என்று போட்டு ஆளுயரப் பெயர்ப் பலகையும் வந்தது. அதற்கு முன்னால் வண்டிகளை எண்ண மட்டும் ஒருவரும் வந்து நான் பார்க்கவில்லை.

கீழேயிருந்து வரும் ரோடு செங்குத்தான ஏற்றம். சிவப்பு விழுந்தால் நிற்பது அந்த ஏற்றத்தின் நடுவில். போன வாரம் எனக்கு முன்னால் ஒரு கேரட் லாரி. நின்றதுமே கிளீனர் குதித்து ஓடிப் பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டார். பச்சை விழுந்தது. கிளட்ச் தீய்ந்த வாடை. வண்டி உறுமி உறுமி நகர்ந்து, அவர் கட்டையைப் பொறுக்கிக்கொண்டு தொற்றி ஏறுவதற்குள் மறுபடி சிவப்பு. பின்னால் ஸ்கூட்டரில் நான், குலசாமியைக் கூப்பிட்டபடி. மலை ரோட்டில் இடம் போதாவிட்டால் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்று லைசென்ஸ் எடுக்கும்போதே சொல்லித் தருகிறார்கள். இங்கே அதைத்தான் நிறுத்தி வைக்கிறோம்.

சிக்னலுக்கு இடம் பார்க்க முறை இல்லாமலில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் (பெயரில்தான் காங்கிரஸ், கட்சி இல்லை; ரோடு போடுவதற்கான தரங்களை வகுக்கும் இன்ஜினியர்கள் அமைப்பு) ஐ.ஆர்.சி. 93 என்ற வழிகாட்டி 1985லேயே வந்துவிட்டது. எத்தனை வண்டி, எத்தனை பேர் நடந்து கடக்கிறார்கள், எத்தனை விபத்து என்று எண்ணிவிட்டு முடிவெடு என்கிறது. 2025இல் நீலகிரிக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. மலை முழுக்க இ-பாஸ் போட்டு எண்ண முடிகிறது, ஒரு முக்கில் முடியாதா?

சிக்னல் வேண்டும் என்று அரசியல்வாதி கேட்பது தப்பே இல்லை. ஜனங்கள் அவரிடம்தானே போய் நிற்கிறார்கள்? ஆனால் எந்த இடம் என்பதையும் அவரே சொன்னால் இன்ஜினியர் எதற்கு? இரண்டு வளைவு கீழே பள்ளிக்கூடம். பிள்ளைகள் கை கோத்துக்கொண்டு ஓடித்தான் கடக்கிறார்கள். தரையில் ஒரு வெள்ளைக் கோடுகூட இல்லை. ஆனால் அங்கே பலகை வைத்தால் யார் கண்ணில் படும்? டூரிஸ்ட் கார்கள் மெதுவாகப் போவது மேலேதான்.

சரி, புலம்பி என்ன. 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறேன்: இந்த முக்கில் வண்டிக் கணக்கு எடுத்த தாளின் நகல் வேண்டும். 30 நாள் கெடுவில் 12 நாள் போய்விட்டது. தாள் வந்தால் இங்கேயே போடுகிறேன். நேற்றிலிருந்து சிக்னலில் மஞ்சள் மட்டும் விட்டுவிட்டு எரிகிறது. லாரிகள் நிற்காமல் ஏறுகின்றன.